அரசில் 'எச்ஆர்' வேலை: எந்தப் பதவி, எந்த லெவல், பே ஃபிக்ஸேஷனில் எங்கே அடிபடும்?

புதுவரவு_எச்ஆர்:
வணக்கம். எம்பிஏ மனிதவளம் படித்தவர்களுக்கு அரசில் எச்ஆர் என்றே தனியாக வேலை உண்டா? தேடினால் ஒரு பக்கம் எஸ்எஸ்சி, ஒரு பக்கம் ரயில்வே, இன்னொரு பக்கம் பொதுத்துறை நிறுவனங்கள், கூடவே டிஎன்பிஎஸ்சி. எதில் எந்தப் பதவி, சம்பளம் எப்படிக் கணக்கிடுகிறார்கள், மேலே எவ்வளவு தூரம் போகலாம்? உள்ளே இருப்பவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கோப்புக்காரன்:
முதலில் ஒன்று. மத்திய அரசு அலுவலகங்களில் எச்ஆர் வேலை இருக்கிறது, எச்ஆர் கேடர் (தனிப் பணிப்பிரிவு) பெரும்பாலும் கிடையாது. நியமனம், சீனியாரிட்டி, டிபிசி (பதவி உயர்வுக் குழு), விடுப்பு, பே ஃபிக்ஸேஷன் (ஊதிய நிர்ணயம்), ஓய்வூதியக் கோப்பு எல்லாமே எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் நடக்கும். அங்கே உட்காருபவர் பொதுவான அமைச்சுப் பணியாளர். இன்றைக்கு எஸ்டாப்ளிஷ்மென்ட், நாளைக்குக் கணக்கு, அடுத்த வருடம் பொதுப்பிரிவு. எம்பிஏ இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதற்கென்று ஒரு ரூபாய் கூடவும் வராது. சம்பளம் பதவியின் லெவலுக்குத்தான் (ஊதிய அட்டவணையில் அந்தப் பதவிக்குள்ள படி), செய்யும் வேலைக்கு இல்லை.

டெல்லி தலைமைச் செயலகப் பணியான சிஎஸ்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்சியின் பட்டதாரித் தேர்வான சிஜிஎல் வழியாக ஏஎஸ்ஓ (உதவிப் பிரிவு அலுவலர்), லெவல் 7, தொடக்கம் 44,900. அடுத்து செக்‌ஷன் ஆபீசர், லெவல் 8 (47,600). அதே பதவியில் நான்கு ஆண்டு முடிந்தால் பதவி மாறாமலே லெவல் 10 (56,100). பிறகு அண்டர் செக்ரட்டரி லெவல் 11 (67,700), டெபுடி செக்ரட்டரி லெவல் 12 (78,800), டைரக்டர் லெவல் 13 (1,23,100). பிளஸ் டூ தகுதியில் சிஎச்எஸ்எல் வழி வந்தால் ஜேஎஸ்ஏ (இளநிலைச் செயலக உதவியாளர்), லெவல் 2, 19,900. அங்கிருந்து எஸ்எஸ்ஏ (முதுநிலைச் செயலக உதவியாளர்) லெவல் 4 (25,500).

கையில் என்ன வரும் என்று கேட்பீர்கள். 2025 ஜூலையில் இருந்த 58% அகவிலைப்படியை (டிஏ) வைத்துக் கணக்கு. டெல்லியில் புது ஏஎஸ்ஓவுக்கு அடிப்படை 44,900, டிஏ 26,042, வீட்டு வாடகைப்படி 30% ஆக 13,470, போக்குவரத்துப் படி 3,600 அதன் மேல் டிஏ சேர்த்து 5,688. மொத்தம் 90,100. பிடித்தம்: ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் 10% ஆக 7,094, மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் 650, குழுக் காப்பீடு 60. வருமான வரிக்கு முன் 82,296. கோவை, மதுரை, திருச்சி மாதிரி ஒய் (இரண்டாம் வகை) நகரம் என்றால் வாடகைப்படி 20%. போக்குவரத்துப் படி கோவையில் முழுசாக வரும், மதுரை, திருச்சியில் பாதிதான்.

பர்சனல்_கிளை:
'எச்ஆர் கேடர் கிடையாது' என்பது ரயில்வேக்குப் பொருந்தாது சார். பர்சனல் டிபார்ட்மென்ட் தனியாகவே இருக்கிறது. சீனியர் கிளார்க் லெவல் 5 (29,200), ரயில்வே தேர்வு வாரியத்தின் (ஆர்ஆர்பி) என்டிபிசி பட்டதாரித் தேர்வில் வரும். அடுத்தது ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் லெவல் 6 (35,400), சீஃப் ஓஎஸ் லெவல் 7. இன்னொரு வாசல் ஸ்டாஃப் அண்ட் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர், நேரடியாகவே லெவல் 6. இது மினிஸ்டீரியல் அண்ட் ஐசொலேட்டட் பிரிவில் அறிவிப்பாக வரும். எம்பிஏ எச்ஆர், தொழிலாளர் நலன் படிப்புகளுக்கு மதிப்புள்ள ஒரு சில பதவிகளில் இதுவும் ஒன்று. என்டிபிசியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த அறிவிப்பைக் கவனிக்காமலே விடுகிறார்கள்.

அதற்கு மேலே ஏபிஓ (உதவிப் பணியாளர் அலுவலர்), குரூப் பி, லெவல் 8. இடங்களில் 70% செலக்‌ஷனிலும் 30% எல்டிசிஇ என்ற துறைக்குள் நடக்கும் போட்டித் தேர்விலும் நிரப்பப்படும். சீனியாரிட்டி குறைவாக இருப்பவருக்கு அந்த 30% தான் வழி. மேலே டிபிஓ (கோட்டப் பணியாளர் அலுவலர்) லெவல் 11, சீனியர் டிபிஓ லெவல் 12. யுபிஎஸ்சி சிவில் சர்வீசஸ் வழி வருபவர்களுக்கு ஐஆர்பிஎஸ் (ரயில்வே பணியாளர் பணி) என்று இருந்தது, இப்போது ஐஆர்எம்எஸ் (ரயில்வே மேலாண்மைப் பணி) என்ற குடையின் கீழே பர்சனல் பிரிவு.

வேலை என்ன என்றால்: பிரமோஷன் பேனல், ரோஸ்டர் (இடஒதுக்கீட்டுப் பதிவேடு), கருணை அடிப்படை நியமனம், மருத்துவத் தகுதி இழந்தவர்களுக்கு மாற்றுப் பணி, தொழிற்சங்கக் கூட்டங்கள், செட்டில்மென்ட் (ஓய்வுப் பலன் வழங்கல்). பாதி நாள் ரூல் புத்தகம், மீதி நாள் ஆட்கள்.

நெட்_55:
'எச்ஆர்' என்று பலகையே மாட்டியிருக்கும் இடம் பொதுத்துறை நிறுவனங்கள்தான். அங்கே ஐடிஏ (தொழில்துறை அகவிலைப்படி) ஊதிய விகிதம், மத்திய அரசின் பே மேட்ரிக்ஸ் (லெவல் அட்டவணை) இல்லை. 1.1.2017 முதல் உள்ள விகிதத்தில் எக்சிகியூட்டிவ் நிலை இ1 40,000–1,40,000, இ2 50,000–1,60,000, இ3 60,000–1,80,000, இ4 70,000–2,00,000, இப்படியே போய் இ9 1,50,000–3,00,000. ஆண்டு உயர்வு 3%. டிஏ மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், மத்திய அரசில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. படிகளுக்கு அடிப்படையில் 35% வரை உச்சவரம்பு. எதை எடுப்பது என்று ஊழியரே தேர்ந்துகொள்ளும் கஃபட்டீரியா முறை.

பல நிறுவனங்கள் எச்ஆர் எக்சிகியூட்டிவ் பதவிக்கு யுஜிசி நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கின்றன, பாடக்குறியீடு 55. தொழிலாளர் நலன், பர்சனல் மேனேஜ்மென்ட், தொழிலுறவு, மனிதவளம் எல்லாம் அந்த ஒரே பாடத்தில் அடக்கம். பிறகு குழு விவாதம், நேர்முகம்.

விண்ணப்பம் தள்ளுபடியாகும் இடங்கள் இவை, அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை:
— எந்த மாத நெட் சுழற்சி என்று அறிவிப்பில் குறிப்பிட்டிருப்பார்கள். வேறு சுழற்சியின் மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது.
— இரட்டைச் சிறப்புப் பாட எம்பிஏ. மனிதவளம் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மதிப்பெண் பட்டியலைப் பாடம் பாடமாக எண்ணுவார்கள். 'மார்க்கெட்டிங் மற்றும் எச்ஆர்' என்றால் பல்கலைக்கழகத்தில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
— முழுநேரப் படிப்பு என்று இருந்தால் தொலைநிலைக் கல்வி எடுபடாது.
— சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் சூத்திரம் பல்கலைக்கழக முத்திரையோடு வேண்டும். தானாகப் பத்தால் பெருக்கிப் போடுவது வேலைக்கு ஆகாது.
— நம் ஊர் ஆட்களுக்கு முக்கியமானது: தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சாதிச் சான்று மத்திய அரசு, பொதுத்துறைப் பணிக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற ஓபிசி சான்று தனியாக வேண்டும். அறிவிப்பில் சொன்ன தேதி வரம்புக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும்.

அறிவிப்பில் போடும் சிடிசியை (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) அப்படியே நம்பி விடாதீர்கள். செயல்திறன் ஊதியம் நிறுவன லாபத்தைப் பொறுத்தது, நஷ்டம் என்றால் சுழி. ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் போடும் பங்கும் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கும். அடிப்படை, டிஏ, வாடகைப்படி மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் மாதச் சம்பளம் தெரியும்.

கோப்புக்காரன்:
நெட்_55 சொன்னதோடு ஒரு இணைப்பு. தொழிலாளர் நல அலுவலர் பதவி சட்டத்தால் வருவது. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 49 படி 500 தொழிலாளர் இருந்தால் கட்டாயம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 அந்த வரம்பை 250 ஆக இறக்கியிருக்கிறது. தொழிலாளர் நலன் படித்தவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய மாற்றம்.

புதுவரவு_எச்ஆர்:
மிக்க நன்றி. பொதுத்துறையில் சில வருடம் இருந்துவிட்டு மத்திய அரசுக்கு வந்தால் சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

தணிக்கைத்தாள்:
போட்டித் தேர்வு எழுதி ஏஎஸ்ஓவாக வந்தால் பொதுவாக முடியாது. லெவல் 7இன் முதல் செல் (லெவலுக்குள் ஓர் ஊதியக் கட்டம்) 44,900இல்தான் தொடங்கும். பொதுத்துறையிலிருந்து வருபவருக்கான ஊதியப் பாதுகாப்பு, நேர்முகம் வழித் தேர்வாகும் நேரடி நியமனங்களுக்கானது. மத்திய அரசுப் பதவியிலிருந்து இன்னொரு மத்திய அரசுப் பதவிக்குப் போவது வேறு கதை. அங்கே முறையான வழியில், அதாவது துறை மூலமாக விண்ணப்பித்து, டெக்னிக்கல் ரெசிக்னேஷன் (வேறு அரசுப் பதவியில் சேர்வதற்கான ராஜினாமா) கொடுத்து வந்தால் ஊதியம், விடுப்பு எல்லாம் கூடவே வரும். துறைக்குச் சொல்லாமல் தேர்வு எழுதி, தேர்வான பிறகு சாதாரண ராஜினாமா கொடுத்தால் பழைய சர்வீஸ் முழுக்கப் போய்விடும். ராஜினாமா ஏற்பு ஆணையில் 'டெக்னிக்கல்' என்ற சொல்லும், எந்தப் பதவியில் சேர்வதற்காக என்பதும் இருக்கிறதா என்று பார்க்காமல் ரிலீவ் ஆகாதீர்கள்.

லெவல்ஆறு:
இந்த இழையில் எஸ்டாப்ளிஷ்மென்ட் ஆட்கள் இருப்பதால் கேட்கிறேன். லெவல் 5இலிருந்து லெவல் 6க்குப் பதவி உயர்வு வந்தால் ஆப்ஷன் (ஊதியத்தை எந்தத் தேதியில் நிர்ணயிப்பது என்ற விருப்பம்) கொடுப்பது நல்லதா? யூனியனில் எல்லோரும் 'எப்பவும் டிஎன்ஐ போடு, அதுதான் லாபம்' என்கிறார்கள்.

தணிக்கைத்தாள்:
'எப்பவும்' என்று சொல்பவர் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்.

விதி இதுதான். எஃப்.ஆர். (அரசின் அடிப்படை விதிகள்) 22(1)(ஏ)(1), ரயில்வேயில் விதி 1313. பதவி உயர்வு தேதியிலேயே நிர்ணயம் செய்தால், பழைய லெவலில் ஒரு இன்க்ரிமென்ட் கொடுத்து, புது லெவலில் அதற்குச் சமமான செல், இல்லையென்றால் அடுத்த மேல் செல். அடுத்த இன்க்ரிமென்ட் தேதியிலிருந்து, அதாவது டிஎன்ஐயிலிருந்து, நிர்ணயம் செய்யச் சொன்னால், அதுவரை புது லெவலில் வெறும் அடுத்த மேல் செல். டிஎன்ஐ வந்ததும் பழைய லெவலில் இரண்டு இன்க்ரிமென்ட் (ஆண்டு உயர்வு ஒன்று, பதவி உயர்வுக்கு ஒன்று), பிறகு புது லெவலில் பொருத்துவது.

எண்களில் பார்ப்போம். லெவல் 5இல் 38,100 வாங்குகிறார், இன்க்ரிமென்ட் மாதம் ஜூலை. 10.10.2024இல் லெவல் 6 பதவி உயர்வு.

முதல் வழி: 38,100 → 39,200 → லெவல் 6இல் 39,900. 1.7.2025இல் 41,100. 1.7.2026இல் 42,300.

டிஎன்ஐ வழி: 10.10.2024 முதல் 38,700. 1.7.2025இல் 38,100 → 39,200 → 40,400 → லெவல் 6இல் 41,100. ஆறு மாதம் கழித்து 1.1.2026இல் 42,300. 1.1.2027இல் 43,600.

முதல் எட்டு மாதச் சொச்சத்தில் மாதம் 1,200 குறைகிறது, மொத்தம் சுமார் 10,450. 2026 ஜனவரி–ஜூனில் 7,200 திரும்பக் கிடைக்கிறது. மீதி 2027 மார்ச் நடுவில் நேராகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆறு மாதம் ஒரு செல் முன்னால். டிஏவைச் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் திசை மாறாது. ஆக, 2027க்கு மேல் கணிசமான சர்வீஸ் இருப்பவருக்கு டிஎன்ஐ லாபம். 2026 கடைசியில் ஓய்வு பெறுபவருக்கு நஷ்டம்.

இதே ஆளுக்குப் பதவி உயர்வு 10.6.2025இல் வந்திருந்தால் முதல் வழியில் 39,900, அடுத்த உயர்வு 1.1.2026இல்தான், 41,100. டிஎன்ஐ வழியில் ஜூனில் 21 நாளைக்கு 840 ரூபாய் இழப்பு, 1.7.2025இலேயே 41,100, 1.1.2026இல் 42,300. ஒரு செல் நிரந்தரமாக முன்னால். இதில் யோசிக்கவே வேண்டாம்.

பர்சனல்_கிளை:
தணிக்கைத்தாள் சொன்னதற்கு எதிர்ப்பக்கமும் எழுதி வைக்கிறேன். புது லெவலின் முதல் செல் பழைய சம்பளத்தைவிட ரொம்ப மேலே இருந்தால் டிஎன்ஐ ஆப்ஷன் கெடுதல். லெவல் 4இல் 31,400 வாங்குபவர் அக்டோபரில் லெவல் 6க்குப் போகிறார். ஒரு இன்க்ரிமென்ட் போட்டால் 32,300, இரண்டு போட்டால் 33,300. எப்படிப் போட்டாலும் 35,400தான், ஏனென்றால் அதற்குக் கீழே லெவல் 6இல் செல்லே கிடையாது. முதல் வழியில் அடுத்த ஜூலையில் 36,500. டிஎன்ஐ கொடுத்தால் அந்த ஜூலையில் திரும்பவும் 35,400, அதற்கடுத்த ஜனவரியில்தான் 36,500. வருடா வருடம் ஆறு மாதம் பின்தங்கல். ஆப்ஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு லெவல்களின் செல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

தணிக்கைத்தாள்:
ஆமாம். ஆப்ஷனுக்கு ஒரு மாத கெடு, ஒருமுறை கொடுத்தால் மாற்ற முடியாது. பதவி உயர்வு ஆணையிலேயே இந்த வரி இருக்க வேண்டும். பல அலுவலகங்களில் பழைய ஆணையை நகலெடுத்துத் தேதி மட்டும் மாற்றுவார்கள், இந்தப் பத்தி விட்டுப்போகும். ஊழியர் கெடு தாண்டி வந்து நிற்பார், கோப்பு மேலே போகும், ஆறு மாதம் இழுக்கும். ஆணையை டிராஃப்ட் செய்பவர் சேர்த்தால் எல்லோருக்கும் நிம்மதி.

ஜனவரி–ஜூலை விஷயத்திலும் தவறு நடக்கும். ஜூலை 2 முதல் ஜனவரி 1 வரை சேர்ந்தவர், பதவி உயர்வு பெற்றவர் எல்லோருக்கும் அடுத்த உயர்வு ஜூலை 1. ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை என்றால் ஜனவரி 1. ஜனவரி 1இல் சேர்ந்தவருக்கு ஆறே மாதத்தில் கிடைக்கும், 2ஆம் தேதி சேர்ந்தவர் ஒரு முழு வருடம் காத்திருக்க வேண்டும். சேரும் தேதியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தால் இதை நினைவில் வையுங்கள். முற்பகலா பிற்பகலா என்பதும் ஜாயினிங் ரிப்போர்ட்டில் தெளிவாக இருக்கட்டும்.

மேசை_மூன்று:
எம்ஏசிபி (பதவி உயர்வு இல்லாமல் தேங்குபவர்களுக்கு 10, 20, 30 ஆண்டில் லெவலை உயர்த்தும் திட்டம்) பற்றியும் யாராவது தெளிவாக எழுதுங்கள். எங்கள் செக்‌ஷனில் லெவல் 2இல் சேர்ந்து லெவல் 4இல் இருக்கும் கிளார்க் ஒருவருக்கு இருபதாவது வருடம் வருகிறது. அடுத்த பதவி ஓஎஸ், லெவல் 6, அதனால் அந்த லெவலே கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்.

கோப்புக்காரன்:
கிடைக்காது. எம்ஏசிபி பதவி ஏணியில் ஏறாது, பே மேட்ரிக்ஸில் பக்கத்து லெவலுக்குத்தான் நகரும். லெவல் 2இல் சேர்ந்து பதவி உயர்வே இல்லாமல் இருந்தால் 10 ஆண்டில் லெவல் 3, 20இல் லெவல் 4, 30இல் லெவல் 5. இடையில் பதவி உயர்வு வந்தால் அது ஒரு படியாகக் கழியும். எட்டாவது ஆண்டில் லெவல் 4க்கு உயர்ந்திருந்தால், அதே லெவலில் பத்து ஆண்டு முடிந்ததும், அதாவது 18இல், இரண்டாவது எம்ஏசிபி லெவல் 5. இருபது வரை காக்க வேண்டியதில்லை. இதைத்தான் நிறைய இடங்களில் தவறவிட்டு இரண்டு வருட நிலுவையைப் பிறகு போடுகிறார்கள்.

எம்ஏசிபி நிற்கும் காரணங்கள்:

ஏபிஏஆர் (ஆண்டு செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை) தரம். 25.7.2016க்குப் பிறகு தகுதி மட்டம் 'வெரி குட்'. 'குட்' வாங்கினவர் அதை அப்போதே எதிர்த்து மனுக் கொடுக்காமல் விட்டால் ஐந்து வருடம் கழித்துக் கமிட்டியில்தான் தெரியவரும். ஒவ்வொரு வருடமும் உங்கள் ஏபிஏஆரைப் பார்த்தாக வேண்டும், பார்த்ததும் கெடுவுக்குள் மனு.

பதவி உயர்வை மறுத்தல். தகுதி வருவதற்கு முன்பே வந்த வழக்கமான பதவி உயர்வை 'வெளியூர் போக முடியாது' என்று எழுதிக் கொடுத்து மறுத்திருந்தால் எம்ஏசிபி கிடையாது. தேக்கத்துக்கான திட்டம் இது, மறுத்தவர் தேங்கியவர் ஆக மாட்டார் என்பது தர்க்கம்.

சொந்த வேண்டுகோளில் இடமாறுதல். இதில் சீனியாரிட்டி போகும், எம்ஏசிபிக்கான பழைய வழக்கமான சர்வீஸ் போகாது. இரண்டையும் குழப்பி, மாறுதல் தேதியிலிருந்து பத்து வருடம் எண்ணும் தவறை நிறையப் பார்க்கலாம்.

இன்னொன்று: எம்ஏசிபியில் நிர்ணயப் பலன் வாங்கிவிட்ட பிறகு அதே லெவலுக்கு உண்மையான பதவி உயர்வு வந்தால் மறுபடி இன்க்ரிமென்ட் கிடையாது. பெயர்ப்பலகைதான் மாறும். மறுபடி ஒரு முறை ஃபிக்ஸேஷன் போட்டு, பத்து வருடம் கழித்து ஆடிட்டில் மாட்டும் கோப்புகளில் இதுவே அதிகம்.

லெவல்ஆறு:
ஜூனியர் எம்ஏசிபியில் மேலே போய்விட்டால் சீனியருக்கு ஸ்டெப்பிங் அப் (ஜூனியர் அளவுக்குச் சம்பளத்தை உயர்த்துவது) உண்டா சார்?

தணிக்கைத்தாள்:
இல்லை, திட்டத்திலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. ஸ்டெப்பிங் அப் வேண்டுமானால் இருவரும் ஒரே கேடர், ஒரே பதவி, ஒரே லெவல், வித்தியாசம் எஃப்.ஆர். 22 பயன்பாட்டால் மட்டுமே வந்திருக்க வேண்டும். கீழ்ப்பதவியிலும் ஜூனியர் சீனியரைவிட அதிகம் வாங்கியிருக்கக் கூடாது. மனுவில் இருவரின் சம்பளத்தையும் தேதிவாரியாக ஒரே அட்டவணையில் போட்டுக் கொடுங்கள். 'என் ஜூனியர் அதிகம் வாங்குகிறார்' என்று ஒற்றை வரியில் எழுதிய மனு அப்படியே திரும்பும்.

அதிகமாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 டிசம்பர் 18இல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி குரூப் சி, டி ஊழியரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவரிடமும், ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுக்கப்பட்டிருந்தாலும் பிடிக்கக் கூடாது. மத்தியப் பணியாளர் துறையான டிஓபிடி 2.3.2016இல் இதைச் சுற்றறிக்கையாக்கியது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ஜகதேவ் சிங் வழக்கில், அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்றது. ஊதியத் திருத்தத்தின்போது எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாளில் அந்த உறுதிமொழிதான் இருக்கிறது. தப்பான ஃபிக்ஸேஷன் லாபம் என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

கருவூலவாசல்:
மாநில அரசைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தமிழ்நாட்டில் 'மனிதவள மேலாண்மைத் துறை' என்று தலைமைச் செயலகத்தில் ஒரு துறையே இருக்கிறது, முன்பு பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை. பெயரைப் பார்த்து எம்பிஏ எச்ஆருக்கு அங்கே நேரடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பணி விதிகள், ஒழுங்கு நடவடிக்கை, தேர்வாணையத்தோடு கடிதப் போக்குவரத்து, இவைதான் அதன் வேலை. ஆட்கள் வழக்கமான தலைமைச் செயலகப் பணியிலிருந்து வருவார்கள்.

மாவட்டங்களில் இதே வேலையை அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவு பார்க்கும். குரூப் 4 வழி இளநிலை உதவியாளர் லெவல் 8, 19,500–71,900. குரூப் 2ஏ வழி உதவியாளர் லெவல் 10, 20,600–75,900. மாநில லெவல் எண்ணும் மத்திய லெவல் எண்ணும் வேறு வேறு. 'லெவல் 8 என்றால் 47,600 தானே' என்று வந்து கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேறுபாடுகள் நிறைய. இன்க்ரிமென்ட் இங்கே நான்கு காலாண்டுகளில்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். எம்ஏசிபி கிடையாது, அதற்குப் பதில் ஒரே பதவியில் 10 ஆண்டு என்றால் தேர்வுநிலை, 20 ஆண்டு என்றால் சிறப்புநிலை. பதவி உயர்ந்தால் எண்ணிக்கை புதுப் பதவியில் மறுபடி தொடங்கும். வீட்டு வாடகைப்படி சதவீதம் இல்லை, ஊதியப் பிரிவுக்கும் ஊருக்கும் ஏற்ற நிலையான தொகை. சம்பளப் பட்டியல், விடுப்பு, பணிப் பதிவேடு எல்லாம் இப்போது களஞ்சியம் என்ற இணையவழி அமைப்பு வழி.

புதிதாகச் சேர்ந்தவர் எதில் சிக்குகிறார் என்றால் வரிசை இதுதான்: முதலில் பணிவரன்முறை ஆணை (நியமனத்தை முறைப்படுத்துவது), அதற்குப் பிறகு தகுதிகாண் பருவம் முடித்த ஆணை. கல்விச் சான்றின் உண்மைத்தன்மை வரவில்லை என்றால் பணிவரன்முறையே நடக்காது. அது நடக்காவிட்டால் தகுதிகாண் பருவம் நகராது. தேர்வுத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே அனுப்பச் சொல்லி நினைவூட்டுங்கள். தகுதிகாண் பருவம், மூன்றாண்டு தொடர் காலத்துக்குள் இரண்டாண்டு பணி. துறைத் தேர்வுகளையும் பவானிசாகரில் நடக்கும் அரசு அலுவலர் பயிற்சியையும் தள்ளிப் போட்டால் பிறகு பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். பணியில் சேர்ந்த பின் மேற்படிப்புக்குப் போனால் முன் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் முடித்த பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றுவது பெரும் பாடு.

மேசை_மூன்று:
எட்டாவது ஊதியக் குழு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறுமே. ஃபிட்மென்ட் (பழைய அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கும் எண்) எவ்வளவு வரும்?

நெறியாளர்:
ஃபிட்மென்ட் ஊகங்களுக்கு இந்த இழை வேண்டாம், ஏற்கெனவே இரண்டு பதிவுகளை நீக்கியாயிற்று. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் குழு அமைந்திருக்கிறது, ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபர் 28இல் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது, அறிக்கைக்கு 18 மாதம். வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்களுக்கு இதைத் தாண்டி ஆதாரம் கிடையாது.

கோப்புக்காரன்:
நெறியாளருக்கு நன்றி. ஆனால் குழு வரும் நேரத்தில் பதவி உயர்வு கிடைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கடந்த முறை, அதாவது ஏழாவது குழுவில், விதிகள் 2016 ஜூலை 25இல் வெளியாகி, 1.1.2016 முதல் நடைமுறை என்றானது. இடைப்பட்ட மாதங்களில் பதவி உயர்வு பெற்றவர்கள் புது விகிதத்துக்கு எந்தத் தேதியில் மாறுவது என்பதிலேயே சம்பளம் ஏறி இறங்கியது. ஆகவே இப்போதைய ஆப்ஷன், ஃபிக்ஸேஷன் ஆணை, சம்பளச் சீட்டு மூன்றின் நகலையும் உங்களிடம் வைத்திருங்கள். அலுவலகக் கோப்பு இடம் மாறும்போது தாள் உதிரும்.

புதுவரவு_எச்ஆர்:
கடைசியாக ஒன்று. இதில் எதைக் குறிவைப்பது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நெட்_55:
எச்ஆர் வேலையே செய்ய வேண்டும், இடமாற்றம் பரவாயில்லை என்றால் பொதுத்துறை. நெட் 55க்கு உட்கார்ந்தால் அதே தயாரிப்பு தொழிலாளர் துறைத் தேர்வுகளுக்கும் உதவும்.

பர்சனல்_கிளை:
எச்ஆரும் வேண்டும், தமிழ்நாட்டுப் பக்கமும் வேண்டும் என்றால் தெற்கு ரயில்வேயின் சென்னை, திருச்சி, மதுரை, சேலம் கோட்டங்கள். வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், இடங்களும் சொற்பம், அதை மட்டுமே நம்பி உட்காராதீர்கள். என்டிபிசியில் சீனியர் கிளார்க் எடுத்தால் பர்சனல் பிரிவில்தான் போடுவார்கள் என்று உறுதி இல்லை. மெக்கானிக்கல், இன்ஜினியரிங் என்று எங்கேயும் போகலாம்.

கோப்புக்காரன்:
லெவல் உயரம்தான் முக்கியம் என்றால் சிஜிஎல் எழுதி சிஎஸ்எஸ். ஆனால் டெல்லி வாழ்க்கை, அதைக் கணக்கில் வையுங்கள். விருப்பப் பட்டியலை நிரப்பும்போது வெறும் லெவல் 7 என்று பார்க்காமல், அந்தப் பதவியிலிருந்து அடுத்த படிக்கு இப்போது எந்த ஆண்டு பேட்ச் போய்க்கொண்டிருக்கிறது என்று அந்தத் துறையின் சீனியாரிட்டி லிஸ்ட்டை இறக்கிப் பாருங்கள். துறை இணையதளங்களில் இருக்கும். ஒரே லெவலில் தொடங்கும் இரண்டு பதவிகளில் ஒன்று மளமளவென்று ஏறும், இன்னொன்று பத்து வருடம் அசையாமல் எம்ஏசிபிக்குக் காத்திருக்கும்.

கருவூலவாசல்:
ஆவணச் சரிபார்ப்புக்குப் போகும்போது ஓபிசி மத்தியப் படிவம், சிஜிபிஏ மாற்றுக் கடிதம், ஏற்கெனவே அரசு வேலையில் இருந்தால் தடையின்மைச் சான்று, மூன்றையும் மறக்காதீர்கள். தடையின்மைச் சான்றில் கையெழுத்திடும் அதிகாரி உங்கள் நியமன அதிகாரியா என்று பாருங்கள். அலுவலகத் தலைவர் கையெழுத்தோடு போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.